காண்ட்ராவா, கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கா, ஃபார்ம்வில்லா: எது திரும்பி வரும், எது வரவே வராது?

பழைய வீடியோ கேம் பேச்சு வந்தாலே கூட்டத்தில் ஒருவர், "அதெல்லாம் இப்போ போன்லயே ஓடுதுங்க" என்பார். ஓடுகிறதுதான். நானும் இறக்கி வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் ஆடுவேன், மூடிவிடுவேன். ஏன் மூடுகிறேன் என்று யோசித்தபோதுதான், கேம் கிடைப்பது வேறு, அந்த ஆட்டம் கிடைப்பது வேறு என்று பிடிபட்டது. சரி, எது எவ்வளவு தூரம் திரும்பி வரும் என்று பார்த்துவிடலாம் என மூன்றை எடுத்துக்கொண்டேன். டிவியில் மாட்டி ஆடிய காண்ட்ரா மாதிரி கேசட் கேம், பிரவுசிங் சென்டரில் கூட்டமாக ஆடிய துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்ட்டர் ஸ்ட்ரைக், ஃபேஸ்புக்கில் விவசாயம் பார்த்த ஃபார்ம்வில்.

நோக்கியா பாம்பைச் சேர்க்கவில்லை. அதற்குத் தேவை ஒரு கட்டைவிரலும் ஒரு பஸ் பயணமும். இரண்டும் இன்னும் இருக்கின்றன. 2017இல் 3310 போனைப் புதிதாக விட்டபோது பாம்பும் கூடவே வந்துவிட்டது.

ஃபார்ம்வில் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 2009 ஜூனில் ஸிங்கா என்ற நிறுவனம் அதைத் தொடங்கியது. அடுத்த வருடமே மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் ஆடினார்கள். ஸ்ட்ராபெர்ரி போட்டால் 4 மணி நேரத்தில் அறுவடை. மறந்து தூங்கிவிட்டால் பயிர் வாடிக் கிடக்கும். அது ஃபிளாஷில், அதாவது பிரவுசருக்குள்ளேயே கேம் ஓடவைத்த அடோபி மென்பொருளில் ஓடிய கேம். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது, அதே நாளில் ஃபார்ம்வில்லும் போனது. தனியாக ஓடிய ஃபிளாஷ் கேம்கள் பலவற்றை ஆர்வலர்கள் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஃபார்ம்வில் நிலம் இருந்தது கம்பெனி சர்வரில். நம்மிடம் பட்டாவும் இல்லை, சிட்டாவும் இல்லை. மூன்றில் முழுசாகச் செத்த கேம் இதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஏக்கம் வரவில்லை. கொட்டகை கட்ட ஆணி அனுப்பு, செங்கல் அனுப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் ஞாபகம் வருகிறது. போனது போகட்டும்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் இதற்கு நேர் எதிர். நாங்கள் ஆடிய 1.6 பதிப்பு வந்தது 2003இல். இன்றும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கலாம். சண்டை நடக்கும் டஸ்ட் 2 மேப்பில் அதே கதவுகள், அதே மரப்பெட்டிகள். அன்று திணறிய கேம் இன்று ஆபீஸ் லேப்டாப்பில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஒன்றும் குறையவில்லை, அந்த அறையைத் தவிர.

எங்கள் தெருமுனை சென்டரில் எட்டு மெஷின். ஹெட்போனின் ஸ்பாஞ்ச் பிய்ந்து, முந்தைய ஆளின் வியர்வையோடு இருக்கும். ஆனால் அதைப் போட வேண்டிய அவசியமே இல்லை. எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதை அவன் சிரிப்பே சொல்லிவிடும். தடுப்புக்கு மேலே எட்டி அடுத்தவன் ஸ்கிரீனைப் பார்ப்பது தப்புதான், எல்லோரும் பார்ப்போம். பின்னாளில், 2011இல், சைபர் கஃபே தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதியே போட்டது. எங்கள் சென்டரில் முன்பிருந்தே அவ்வளவுதான் இருந்தது, எட்டிப் பார்க்க வசதியாக.

அப்புறம் அந்தக் கடிகாரம். காசு தீர்ந்தால் ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொள்ளும். கையில் குண்டு, கடைசி ஆள் நான், ஒரு நிமிடம் பாக்கி. "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம்ணா" என்று கவுன்ட்டரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே குண்டு வைக்க வேண்டும். இன்று எனக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது, யாரும் பூட்டுவதில்லை. அதனாலேயே எந்த ரவுண்டும் பெரிதாகத் தெரியவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைக்குக் கை டேட்டா ஆன பிறகு அந்தக் கடை ஜெராக்ஸ் கடையானது. எட்டுப் பேரும் ஆன்லைனில் சேர்ந்து ஆடலாமே என்பீர்கள். ஆடினோம், இரண்டு சனிக்கிழமை. ஒருவன் குழந்தையைத் தூங்கவைக்கப் போனான், இன்னொருவன் மைக்கை மியூட் செய்துவிட்டுச் சாப்பிட்டான். சுட்டுத் தள்ளிய பிறகு திரும்பி முகத்தைப் பார்க்க முடியாத ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

ஆகவே என் கணக்கில் மீட்கவே முடியாதது இதுதான். கேம் செத்த ஃபார்ம்வில்லை விட, கேம் உயிரோடு இருக்கும் இதுதான் அதிகம் போய்விட்டது.

கம்பெனிகளே புதுப்பித்துத் தந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஊரெல்லாம் கார் ஓட்டித் திரிந்த வைஸ் சிட்டி கேமை 2021 நவம்பரில் மெருகேற்றி விட்டார்கள். மழை பெய்தால் ரோடு தெரியவில்லை, முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி. அதன் கம்பெனி ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. காரில் கேட்ட பாட்டுகளில் சில, உரிமம் முடிந்து அதற்கும் முன்பே கழன்றுவிட்டன.

இனி கேசட். எங்கள் வீட்டுப் பெட்டி நின்டெண்டோ அல்ல. 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் பெட்டியை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த ஏதோ ஒன்று. மஞ்சள் கேசட்டில் 9999 இன் 1 என்று போட்டிருக்கும், உள்ளே இருபது கேம் தேறினால் அதிகம். மீதியெல்லாம் அதே மரியோ, வேறு பெயரில். படம் வராவிட்டால் கழற்றி ஊதி மாட்டுவோம். கழற்றி மாட்டியதால்தான் வேலை செய்தது, ஊதிய ஈரம் பின்களைக் கெடுக்கத்தான் செய்தது என்பது பின்னால் தெரிந்தது.

இந்தப் பெட்டிக்குள்ளேயே இரண்டு தலைவிதி இருக்கிறது. ஒன்று, வாத்து சுடுகிற கேம். பழைய கேம்களை அடைத்து, டிவியில் செருகி ஆட இன்று விற்கும் ஹெச்டிஎம்ஐ ஸ்டிக்கில் அதன் பெயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் கிளம்பியதில்லை, ஸ்கிரீனிலிருந்து வரும் வெளிச்சத்தை அதுதான் பார்த்தது. விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் மட்டும் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சாருக்கு அந்த வெள்ளை தெரிந்தால் வாத்து காலி. பழைய குழாய் டிவி படத்தை வந்த மாத்திரத்தில் வரி வரியாகப் போடும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, யோசித்து, சற்றுத் தாமதமாகக் காட்டும். அதற்குள் "குறி தப்பியது" என்று கேம் முடிவு செய்துவிடும். கேமரா வைத்த புதுத் துப்பாக்கிகள் இருக்கின்றன, ஆனால் அது வேறு வித்தை. 2006க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி உங்கள் பரணில் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். இந்த வாத்துக்கு அதுதான் கதி.

இன்னொன்று காண்ட்ரா. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அமுக்கினால் 30 லைஃப். காண்ட்ராவைச் செய்த கொனாமி கம்பெனியில் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986இல் வேறொரு கேமைச் சோதிக்கும்போது, தன்னாலேயே ஆட முடியாத கஷ்டமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. நம் ஊர்ப் பையன்களுக்கு அது வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடமானது.

மூன்றிலும் கிட்டத்தட்ட அப்படியே திரும்பக் கிடைப்பது காண்ட்ராதான் என்பேன். அதற்கு எட்டுப் பேர் வேண்டாம், சர்வர் வேண்டாம். ஒரு டிவி, கூட ஒருவர் போதும். போன பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தபோது ஸ்டிக்கை மாட்டினோம். மூன்றாவது ஸ்டேஜ், அருவி. பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். முன்னால் போகிறவனோடு திரையும் ஏறும், பின்தங்குகிறவன் அடியில் விழுந்து சாவான். அண்ணன் ஏறினான், நான் செத்தேன்.

"அண்ணே, இருண்ணே!"

"எவ்வளவு நேரம்டா, மேல வா!"

மூன்று லைஃபும் அப்படியே போனது. நம்முடையது தீர்ந்தால் ஏ பட்டனை அமுக்கிக் கூட ஆடுகிறவரின் லைஃபில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த கேமில் உண்டு. சத்தமில்லாமல் அமுக்கினேன். அண்ணன் இரண்டு பாறை தாவிவிட்டு மேல் மூலையைப் பார்த்தான்.

"டேய், அது என் லைஃப்டா."