ஓட்டோ கியர் வழுக்கினால்: ஸ்டோல் சோதனையா, பிரஷர் கேஜா?

எஞ்சின் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது. திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்திலோ கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலோ ஓட்டோ கியர் வாகனம் இப்படிச் செய்தால், "பொக்ஸ் முடிஞ்சுது, ரீகண்டிஷன் ஒண்டு போடுங்கோ" என்ற பேச்சு உடனே வந்துவிடும். அதற்கு முன் கியர்பொக்ஸைக் கழற்றாமலே பார்க்க இரண்டு வழிகள் உண்டு: ஸ்டோல் சோதனை (பிரேக்கை மிதித்தபடி அக்சிலேட்டரை அழுத்தி, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏறுகிறது என்று பார்ப்பது), லைன் பிரஷரை, அதாவது பொக்ஸின் பம்ப் தரும் ஒயில் அழுத்தத்தை, கேஜால் அளப்பது. வழுக்கும் பொக்ஸ் என்றால் எங்கள் சாய்வு கேஜ் பக்கம்.

ஸ்கேனரை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. சொலினொயிட் (ஒயில் பாதையைத் திறந்து மூடும் மின் வால்வு), சென்சர், வயர் கோளாறுகளை அது சொல்லும். தேய்ந்த கிளட்ச் பிளேட்டை நேரே பார்க்காது. ஸ்கேனரில் கோளாறுக் கோட் வாசிப்பதும், ஒயிலின் மட்டமும் மணமும் பார்ப்பதும் எந்த வழிக்கும் முதல் வேலை. ஒயில் குறைந்த பொக்ஸில் எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

ஸ்டோல் சோதனைக்குக் கருவிச் செலவு இல்லை, ஆர்பிஎம் மீற்றர் போதும். ஒயில் 50 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். சமதளமான, உறுதியான தரை. நான்கு சக்கரத்துக்கும் கட்டை. ஹேண்ட் பிரேக் இறுக்கி, இடது காலால் பிரேக்கை முழுதாக மிதிக்க வேண்டும். டி-யில் போட்டு வலது காலால் அக்சிலேட்டரை அடிவரை அழுத்தி, ஏறி நிற்கும் ஆர்பிஎம்மைக் குறித்துவிட்டு உடனே காலை எடுக்க வேண்டும். ஐந்து செக்கனைத் தாண்டவே கூடாது. பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஐடில் ஓடவிட்டு, ஆர்-இலும் அதையே செய்ய வேண்டும். சக்கரத்தையும் கட்டையையும் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆள் வெளியே, பக்கவாட்டில் நிற்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

கிடைத்த எண்ணை அந்த மாதிரியின் மெனுவலோடு ஒப்பிட வேண்டும். டி-யில் மட்டும் கூடினால் ஃபோர்வர்ட் கிளட்ச் பக்கம் வழுக்கல். ஆர்-இல் மட்டும் கூடினால் ரிவர்ஸ் பக்கம். இரண்டிலும் கூடினால் பிரஷர் குறைவு என்ற சந்தேகம். இரண்டிலும் குறைந்தால் எஞ்சினுக்குப் பலமில்லை, அல்லது டோர்க் கன்வெர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியே பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஸ்டேட்டர், அதாவது அதற்குள் ஒயிலைத் திருப்பிவிடும் சக்கரம், பிடிக்கவில்லை. குறித்த அளவுக்கு 600 ஆர்பிஎம்முக்கு மேல் கீழே நின்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கச் சொல்கின்றன டொயோட்டா மெனுவல்கள்.

எங்களைத் தயங்க வைப்பது சூடு. ஸ்டோலில் எஞ்சின் தரும் சக்தி சக்கரத்துக்குப் போகாமல் முழுவதும் ஒயிலில் வெப்பமாகிறது. 2400 ஆர்பிஎம்மில் 120 நியூட்டன் மீற்றர் தரும் எஞ்சின் என்றால் அது 30 கிலோவாட்; ஐந்து செக்கனில் 150 கிலோஜூல். கன்வெர்ட்டருக்குள் 2 லீற்றர் ஒயில் என்று வைத்து, இரும்பு வாங்கும் சூட்டைக் கழிக்காமல் பார்த்தால், ஒயில் 40 பாகைக்கு மேல் ஏறும். நல்ல பொக்ஸ் இதைத் தாங்கும். ஏற்கனவே வழுக்கும் பொக்ஸில் அந்தச் சூட்டின் பெரும்பங்கு கிளட்ச் பிளேட்டின் மேலேயே விழுகிறது. மிச்சமிருந்த உராய்வுப் பொருளைச் சோதனையே எரித்துவிடலாம். கச்சான் காற்று வீசும் நாட்களில் ரேடியேட்டருக்கு வரும் காற்றே கொதிப்பாக இருக்கும், ஒயில் ஆறவும் நேரமெடுக்கும். நிலாவெளி மணலில் புதைந்த வேனை டி-யிலும் ஆர்-இலும் மாற்றி மாற்றி மிதிப்பதும் பொக்ஸுக்கு இதே தண்டனைதான். அங்கே செக்கன் எண்ண ஆளில்லை.

கேஜ் ஐடிலிலேயே பேசத் தொடங்கும். 300 பீஎஸ்ஐ வரை காட்டும் கேஜ், ஒயில் தாங்கும் ஹோஸ், பொருந்தும் நிப்பிள் போதும். கியர்பொக்ஸ் உடலில் உள்ள லைன் பிரஷர் பிளக்கைக் கழற்றி அங்கே பொருத்தி, கட்டையும் பிரேக்கும் போட்டு, டி-யிலும் ஆர்-இலும் ஐடில் அளவைக் குறிக்க வேண்டும். இரண்டிலும் குறைவா? 1990களின் டொயோட்டாக்கள் பலவற்றில் துரொட்டிலிலிருந்து பொக்ஸுக்கு வரும் கேபிள் தளர்ந்தாலே பிரஷர் விழும். அதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும். அடுத்தது ஃபில்டர், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வு, கடைசியாகப் பம்ப். பம்ப் தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் பொக்ஸை இறக்காமலே பார்க்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பாதையில் சீல் கசிவு. ஐடிலிலும் சுமையிலும் பிரஷர் சரி, ஆனால் வழுக்கல் நிற்கவில்லை என்றால் பிளேட் போய்விட்டது, பொக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். பொக்ஸை இறக்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு, "வழுக்குகிறது" என்று மட்டும் சொல்லும் ஸ்டோல் எண் பதிலாகாது.

முழுக் கணக்குக்கு ஸ்டோலிலும் பிரஷர் அளக்க வேண்டும் என்பது உண்மை. ஐடிலில் சரியாக நின்று, சுமையில் விழும் பம்ப்பும் உண்டு. ஆனால் ஐடிலிலேயே குறைவு தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம், பிளேட் தப்பும்.

ஸ்டோல் சோதனை வெல்லும் இடம் ஒன்று உண்டு. வழுக்கலே இல்லை, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும் மந்தம், ஹபரணை வீதியில் வேகம் பிடித்த பின் ஒழுங்காக ஓடுகிறது என்றால், ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் இரு பக்கமும் சுற்றுகிறது என்ற சந்தேகம் வலுக்கும். கேஜுக்கு அது தெரியாது; ஸ்டோல் எண் காட்டிக் கொடுக்கும்.

பிரேக்கும் அக்சிலேட்டரும் சேர்ந்தால் துரொட்டிலைத் தானே மூடும் புதிய கார்களில் ஸ்டோல் எண் குறைந்து வரும். அதை நம்பி எஞ்சினைக் குற்றம் சொல்லாதீர்கள். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்களில் டோர்க் கன்வெர்ட்டரே இல்லை; ஸ்டோல் சோதனை பொருந்தாது. சீவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடும் பொக்ஸ்) என்றால் அந்த மாதிரியின் மெனுவல் அனுமதித்தால் மட்டும் ஸ்டோல் சோதனை.

கேஜ் வழியில் நம் ஊருக்கே உரிய தொல்லை பிளக். இரும்புப் பிளக், அலுமினிய உடல், கடல் உப்பு: மூன்றும் சேர்ந்தால் இறுகிப்போகும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் அடித்து, பொக்ஸ் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். நிப்பிள் வாங்கும்போதும் கவனம். 1/8 அங்குலத்தில் அமெரிக்கப் புரி அங்குலத்துக்கு 27, ஜப்பான் பொக்ஸ்களில் வரும் பிரிட்டிஷ் வகைப் புரி 28. தவறான நிப்பிளும் ஓரிரு சுற்று உள்ளே போகும், பிறகு அலுமினியப் புரியைக் கெடுக்கும். திரும்பப் பூட்டும்போது சீல் டேப்பை முதல் இரண்டு புரியை விட்டுச் சுற்றி, கையாலேயே தொடங்கி முறுக்குங்கள்; டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வுகள் இருக்கும் பகுதியில் சிக்கும்.