போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ: பல வருடம் ஓட்டிய பிறகு

பில்லிங் டேட்டாபேஸ் ஒரு சர்வரில், ரிப்போர்ட் டேட்டாபேஸ் இன்னொன்றில். தினமும் ராத்திரி அங்கிருந்து இங்கே டேட்டா வந்து சேர வேண்டும். இதற்குப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளுடனே வரும் எஃப்டிடபிள்யூ (ஃபாரின் டேட்டா ராப்பர்) எக்ஸ்டென்ஷனைத்தான் பல வருடமாக வைத்திருக்கிறேன். 2013இல், 9.3 பதிப்போடு வந்தது. அடுத்த சர்வரில் இருக்கும் டேபிளை நம்முடையது மாதிரியே காட்டும்; செலக்ட், ஜாயின் எல்லாம் போடலாம். 9.5 முதல் ஒரு ஸ்கீமா முழுவதையும் ஒரே கட்டளையில் கொண்டுவந்துவிடலாம். அமைப்பது பெரிய வேலையே இல்லை.

பழகப் பழகத்தான் இதன் குணம் புரியும். டேபிள் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும், நடுவில் நெட்வொர்க் இருக்கிறது. ஒரு தடவைக்கு 100 வரிசைகள்தான் எடுத்து வரும், அதுதான் டீஃபால்ட். இந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் ஃபெட்ச் சைஸை 10,000 ஆக்கியதும் வேகம் கூடியது கண்கூடு. எழுதும் பக்கம் இன்னும் மோசம்: பதிப்பு 14இல் பேட்ச் சைஸ் (ஒரே தடவையில் அனுப்பும் வரிசைகளின் எண்ணிக்கை) வரும்வரை ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை போய்வந்தது. இப்போதும் அதன் டீஃபால்ட் 1தான், நாமே மாற்றினால்தான் உண்டு. அதனால் என் வழக்கம், டேட்டா வேண்டிய சர்வரில் உட்கார்ந்துகொண்டு இழுப்பது. அங்கிருந்து தள்ளுவதில்லை.

எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது, எந்த வரிசைகள் வேண்டும் என்று வடிகட்டும் ‘வேர்’ (WHERE) கண்டிஷன். ‘நேற்றிலிருந்து மாறியவை மட்டும்’ என்பதற்கு எல்லாரும் இப்போதைய நேரத்தைத் தரும் நவ் (now) ஃபங்ஷனைத்தான் எழுதுவோம். நாங்கள் ஓட்டும் 14இல் அந்தக் கண்டிஷன் அந்தப் பக்கம் போகாது. மொத்த டேபிளும் இங்கே வந்து, அப்புறம் வடிகட்டப்படும்! ரிசல்ட் சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகமும் வராது. க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் வெர்போஸ் போட்டு ‘ரிமோட் எஸ்க்யூஎல்’ வரியைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தேதியை நேரடி மதிப்பாகக் கொடுத்தாலோ, நவ்வை ஒரு சப்க்வெரிக்குள் வைத்தாலோ சரியாகிவிடும்.

அந்தப் பக்கம் டேபிளில் புதிதாக ஒரு காலம் (column) சேர்த்தால் இங்கே தானாகத் தெரியாது. அதை இங்கே காட்டும் ஃபாரின் டேபிளையும் திருத்த வேண்டும். எரிச்சல்தான், ஆனால் பழகிவிட்டது.

முதல் தடவை பெரிய டேபிளைக் கொண்டுவர எஃப்டிடபிள்யூ வேண்டாம். ஒரு பிஎஸ்க்யூஎல்லில் (psql, போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ‘காப்பி டு எஸ்டிடிஅவுட்’, பைப் போட்டு அடுத்ததில் ‘காப்பி ஃப்ரம் எஸ்டிடிஇன்’. நடுவில் ஃபைலே உருவாகாது, வேகமும் அதிகம். இன்டெக்ஸை மட்டும் லோடு முடிந்த பிறகு போடுங்கள்.

மாற்றங்களை உடனுக்குடன் அடுத்த சர்வருக்கு அனுப்பும், பதிப்பு 10இல் வந்த லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மாறலாமே என்று டீமில் அவ்வப்போது பேச்சு வரும். நொடிக்கு நொடி டேட்டா வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றம் அதிலும் தானாகப் போகாது. வாங்கும் சர்வர் படுத்துவிட்டால், அனுப்பும் பக்கம் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வால் (WAL) ஃபைல்கள் குவிந்து டிஸ்க் நிரம்பும். இந்த ஃபைல்களின் அளவுக்குப் பதிப்பு 13இல் வந்த உச்சவரம்பை வைத்தால் டிஸ்க் தப்பும், ஆனால் எதுவரை அனுப்பியாயிற்று என்று நினைவில் வைக்கும் ஸ்லாட் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காப்பி. காலையில் ஒரு தடவை பார்க்கும் ரிப்போர்ட்டுக்காகப் பில்லிங் சர்வரை அந்த அபாயத்தில் விட எனக்கு மனசில்லை.