மேசையடிக் கூடையா, தளத்துக்கொரு பொதுத் தொட்டியா?

நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்களை, இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருமளவு கழிவு உருவாக்குவோராக வகைப்படுத்தி, குப்பையை உருவாகும் இடத்திலேயே தரம் பிரிக்கப் பணித்தன.

அலுவலகத்தில் மேசைக்கு மேசை குப்பைக்கூடை வைத்தால் எழுந்து நடக்கும் வேலை மிச்சம். ஆனால் அச்சிட்ட தாளின்மேல் பாதி குடித்த தேநீர் கவிழ்ந்து, மதியப் பொட்டலத்தின் சாம்பாரும் ஊறிவிட்டால், பழைய பேப்பர் கடைக்காரர்கூட அதை எடைபோட மாட்டார். மாலையில் எல்லாக் கூடைகளும் ஒரே பையில் கொட்டப்படுவது வேறு கதை.

பொதுத் தொட்டி என்றால் முதல் சில வாரம் முணுமுணுப்பு எழும். எனினும் ஈரக்கழிவு, தாள், நெகிழி என வாய்கள் தனித்தனியே இருப்பதால், போடும் கை ஒரு நொடி யோசிக்கிறது. உட்புறம் நெகிழி பூசிய காகிதக் கோப்பை தாளோடு சேராது என்பதை மூடியில் படமாகவே ஒட்டிவிட்டால், என் தேர்வு இதுதான்.