பொம்பெயிக்கு எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்? மூணையும் வச்சு ஒரு ஒப்பீடு

இத்தாலில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பழைய ரோமானிய நகரமான பொம்பெயி பாக்கப் போறவங்க மேப்பைத் திறந்தா அந்தப் பேர்ல மூணு ரயில்வே ஸ்டேஷன் காட்டும். பொம்பெய் ஸ்காவி - வில்லா டெய் மிஸ்தேரி, பொம்பெய் சாந்துவாரியோ, அப்புறம் வெறும் பொம்பெய். மூணும் வேற வேற பாதைல இருக்கு, எதுல இறங்கினாலும் நடந்தே போயிடலாம், அதனால எதுவா இருந்தா என்னன்னு தோணும். ஆனா எந்த கேட் வழியா நுழையறீங்கங்கறது இதுலதான் முடிவாகுது. பழைய நகரத்தோட மதில் சுத்தளவு மட்டுமே 3 கிலோமீட்டருக்கு மேல, உள்ள 66 ஹெக்டேர், அதுல சுமார் மூணுல ரெண்டு பங்கு தோண்டியாச்சு. நிழல் ரொம்பக் குறைச்சல், தரை முழுக்க பெரிய பெரிய கல்லு. அதனால எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறோம்கறது பெரிய விஷயம்தான்.

முதல்ல எல்லாரும் போறது வில்லா டெய் மிஸ்தேரி ஸ்டேஷன். இது சிர்கும்வெசுவியானாங்கற லோக்கல் ரயில்ல, நேப்பிள்ஸ் - சொர்ரெந்தோ பாதைல இருக்கு. நேப்பிள்ஸ்ல இருந்து முக்கால் மணி நேரத்துக்குள்ள வந்துடும், சொர்ரெந்தோல தங்கினவங்களுக்கு அரை மணி நேரம் போல. வெளிய வந்து ரெண்டு நிமிஷம் நடந்தா போர்ட்டா மரீனா கேட். இந்த வசதியை வேற எந்த ஸ்டேஷனாலயும் அடிச்சுக்க முடியாது. உள்ள நுழைஞ்சதும் பசிலிக்காங்கற பழைய நீதிமன்றக் கட்டடம், அப்பல்லோ கோயில், ஃபோரம்ங்கற ஊர்ச் சதுக்கம்னு முக்கியமான இடங்கள் வரிசையா வந்துடும், நேரம் கம்மியா இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல ஆரம்பம் கிடையாது. பிரச்சனை என்னன்னா எல்லாரும் இங்கதான் வராங்க, டூரிஸ்ட் பஸ் குரூப்பும் இந்தப் பக்கம்தான் அதிகம், காலைல பத்து மணிக்கு மேல ஃபோரம்ல நின்னு நிதானமா பாக்கறது கஷ்டம். ரயில்லயும் சீசன்ல நிக்கத்தான் இடம் கிடைக்கும், பையை முன்பக்கம் போட்டுக்கோங்க, பர்ஸ் அடிக்கறவங்க இருக்காங்க. கூட்டம் வேண்டாம்னா அதே பாதைல சீசன் டைம்ல கம்பானியா எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயில் ஓடும், சீட் நிச்சயம், கம்மியான நிறுத்தம், ஆனா டிக்கெட் தனி, விலையும் கூட.

இந்த ஸ்டேஷன் பேரைப் பாத்துட்டு வில்லா டெய் மிஸ்தேரி மாளிகை பக்கத்துலயே இருக்கும்னு நினைச்சுடாதீங்க, அது மதிலுக்கு வெளிய வடமேற்குல இருக்கு, சைட்டுக்குள்ள நடந்து கடைசியாத்தான் அங்க போய்ச் சேருவீங்க. சைட்டுக்கான சாதாரண நுழைவு டிக்கெட்ல (அதுக்குப் பேர் பொம்பெயி எக்ஸ்பிரஸ், ரயிலோட சம்பந்தமில்ல) அந்த மாளிகை சேராது, பொம்பெயி பிளஸ் டிக்கெட் எடுக்கணும். அந்த மாளிகையோட சிவப்புச் சுவர் ஓவியங்களுக்காகவே வர்றவங்க இதை புக் பண்ணும்போதே கவனிச்சுக்கோங்க.

இப்ப ரெண்டாவது, சாந்துவாரியோ. இதுவும் சிர்கும்வெசுவியானாதான், ஆனா வேற கிளை. நேப்பிள்ஸ்ல இருந்து கிளம்புற ரயில்கள் தொர்ரே அனுன்சியாத்தா வரைக்கும் ஒரே பாதைல வந்து அங்க பிரியும், ஒண்ணு கடலோரமா சொர்ரெந்தோவுக்கு, இன்னொண்ணு போஜ்ஜோமரீனோவுக்கு. ரெண்டாவது ரயில்ல ஏறிட்டா ஸ்காவி ஸ்டேஷன் (மேல சொன்ன வில்லா டெய் மிஸ்தேரி) வரவே வராது, சாந்துவாரியோலதான் இறங்கணும். பிளாட்ஃபார்ம்ல பதட்டத்துல நிறைய பேர் மாத்தி ஏறிடறாங்க, அப்படி ஏறிட்டா பயப்பட வேண்டாம், அங்கயே இறங்கி நடங்க, பத்து நிமிஷம் போல நடந்தா பியாட்சா ஆன்ஃபிதெயாத்ரோ கேட், அதாவது நகரத்தோட கிழக்குக் கோடி. இந்த ஸ்டேஷன் இருக்கறது இன்னைக்கு ஜனங்க வாழற பொம்பெய் ஊருக்குள்ள, பேரே அங்க இருக்கற ஜெபமாலை மாதா திருத்தலத்தை வச்சுத்தான். அதைக் கட்டின பார்த்தோலோ லோங்கோவுக்கு 2025 அக்டோபர்ல புனிதர் பட்டம் கிடைச்சுது, கோயிலும் பாக்கணும்னு நினைக்கற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதுதான் சரியான ஸ்டேஷன். குறைன்னா இந்தக் கிளைல ரயில் கம்மி, டைம் பாக்காம போனா ரொம்ப நேரம் காத்திருக்கணும்.

மூணாவது பொம்பெய்ங்கற ஸ்டேஷன், இது தேசிய ரயில் பாதை, ட்ரெனிதாலியா ஓட்டறது, நேப்பிள்ஸ் - சலேர்னோ லைன். ஊருக்குத் தெக்க இருக்கு, ஆன்ஃபிதெயாத்ரோ கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் போல நடக்கணும். நேப்பிள்ஸ்ல இருந்து வர்றவங்களுக்கு இது ரெண்டாம் பட்சம்தான், ஆனா சலேர்னோ பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இதை விட்டா வேற யோசனையே வேண்டாம், நேரா வந்து இறங்கலாம், நேப்பிள்ஸ் போய் சுத்தி வர்றது வீண் வேலை. பேஸ்தும் கிரேக்கக் கோயில்களையும் சேர்த்துப் பாக்கணும்னு திட்டம் இருந்தாலும் இதுதான் சரி, இங்க இருந்து சலேர்னோ போய் மாறினா பேஸ்தும் ஸ்டேஷன், அங்க கோயில்களுக்கு நடந்தே போயிடலாம். ரோம்ல இருந்து நேரடி அதிவேக ரயில் ஒண்ணு 2023 ஜூலை 16-ல தொடங்கினாங்க, ஆரம்பத்துல மாசத்தோட மூணாவது ஞாயிறுக்கு மட்டும், அதுவும் இந்த ஸ்டேஷனுக்குத்தான் வரும். உங்க தேதிக்கு அது ஓடுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நேப்பிள்ஸ்லயே குழப்பம் ஆரம்பிச்சுடும், அதையும் சொல்லிடறேன். நேப்பிள்ஸோட பெரிய ஸ்டேஷனான நாப்போலி சென்ட்ராலேவுக்குக் கீழ காரிபால்டிங்கற பேர்ல ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணு தேசிய ரயிலோட சுரங்க பிளாட்ஃபார்ம், இன்னொண்ணு சிர்கும்வெசுவியானாவோடது. போர்டைப் பாத்து நடங்க, டிக்கெட் வாங்கும்போதே எந்த ரயில்னு சொல்லி வாங்குங்க. சிர்கும்வெசுவியானா உண்மையில கிளம்பறது அதுக்கு முன்னாடி ஸ்டேஷனான போர்ட்டா நொலானால, கொஞ்ச தூரம் நடந்து அங்கயே போய் ஏறினா சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எது பெஸ்ட்னு கேட்டா, ஒரே ஸ்டேஷன்ல இறங்கி அதே ஸ்டேஷன்ல ஏறணும்னு யாரும் சொல்லலையே! என்னைக் கேட்டா கிழக்குப் பக்கம் இறங்கி மேற்குப் பக்கம் கிளம்பறதுதான் இந்த இடத்தைப் பாக்க நல்ல வழி. காலைல ஆன்ஃபிதெயாத்ரோ கேட்ல கூட்டம் கம்மி, நுழைஞ்சதும் கி.மு. 70 வாக்குல கட்டின ஆம்பிதியேட்டர், அதாவது கிளாடியேட்டர் சண்டை நடந்த வட்ட அரங்கம், இன்னைக்கு மிஞ்சி நிக்கற ரோமானிய கல் ஆம்பிதியேட்டர்கள்லயே பழசு. கி.பி. 59-ல பக்கத்து ஊர் நுசேரியா ஆளுங்களுக்கும் உள்ளூர்க்காரங்களுக்கும் பெரிய அடிதடி நடந்து ரோம் செனட் பத்து வருஷம் விளையாட்டுக்குத் தடை போட்டது இங்கதான். அரங்கத்தை ஊர் மூலைல வச்சதே வெளியூர்க் கூட்டம் சுலபமா வந்து போகத்தான்னு சொல்வாங்க, அந்த வசதி இன்னைக்கு நமக்கும் உதவுது பாருங்க. அங்க இருந்து பக்கத்துலயே எரிமலை வெடிப்புல செத்த 13 பேரோட வார்ப்பு உருவங்கள் இருக்கற தோட்டம், அவசரமில்லாம நின்னு பாக்க வேண்டிய இடம் அது. காலைல குரூப் வர்றதுக்கு முன்னாடி அங்க போய்ப் பாருங்க, கி.பி. 79 எரிமலை வெறும் பாடப் புத்தகத் தேதியா இருக்காது. அப்புறம் வியா டெல் அபொன்தான்சாங்கற பெரிய தெருவுல கடை, பேக்கரி, சலவைக்கூடம்னு பாத்துக்கிட்டே மேற்க நடந்தா ஊர் எப்படி வாழ்ந்துச்சுங்கறது புரிஞ்சு ஃபோரத்துக்கு வருவீங்க, வடக்க வெத்தி வீடு, ஃபான் வீடுங்கற பணக்கார வீடுகளைப் பாத்துட்டு மேற்குப் பக்கம் வெளிய வந்தா வில்லா டெய் மிஸ்தேரி ஸ்டேஷன்ல ரயில் பிடிக்கலாம். திரும்ப அத்தனை தூரம் வெயில்ல நடக்க வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை, பெரிய பை இருக்கக்கூடாது. 30×30×15 சென்டிமீட்டருக்கு மேல உள்ள பையை உள்ள விட மாட்டாங்க, கேட்ல கொடுத்துட்டுப் போகணும், அப்புறம் அதை வாங்க அதே கேட்டுக்குத் திரும்பி வரணும். சூட்கேஸோட வந்தா பேசாம போர்ட்டா மரீனா பக்கமே வந்து அங்கயே வெளிய வாங்க.

வயசான அப்பா அம்மாவோட, வீல்சேரோட, ஸ்ட்ரோலரோட வர்றவங்களுக்கு நான் போர்ட்டா மரீனாவைச் சொல்ல மாட்டேன், ஸ்டேஷன் கிட்டன்னு நம்பி வந்து அந்தச் செங்குத்தான கல் ஏத்தத்துல மாட்டிக்குவீங்க. தடையில்லாத பாதை 3 கிலோமீட்டருக்கு மேல போட்டிருக்காங்க, அது ஆன்ஃபிதெயாத்ரோ பக்கம்தான் ஆரம்பம். இவங்களுக்கு சாந்துவாரியோவோ ட்ரெனிதாலியா ஸ்டேஷனோ, அங்க இருந்து ஒரு டாக்ஸி.

டிக்கெட் எதுவா இருந்தாலும் பேர் போட்டது, பாஸ்போர்ட் கைல இருக்கணும். 2024 நவம்பர் 15-ல இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான்னு வரம்பு வச்சுட்டாங்க, சீசன்ல நேர ஸ்லாட்டும் உண்டு, அதனால ரயில் லேட்டாகும்னு கணக்கு வச்சு ஒரு ரயில் முன்னாடியே கிளம்புங்க.

அதே எரிமலைல புதைஞ்ச இன்னொரு ஊரான ஹெர்குலேனியமும் போறீங்கன்னா அங்க யோசிக்கவே வேண்டாம், சிர்கும்வெசுவியானால எர்கொலானோ ஸ்காவி. நேரா இறக்கத்துல பத்து நிமிஷம் நடந்தா சைட். தேசிய ரயிலோட போர்த்திச்சி - எர்கொலானோ ஸ்டேஷன் பேர்ல எர்கொலானோ இருக்கே தவிர சைட்டுக்கு அதை விட தூரம். தொர்ரே அனுன்சியாத்தாவுக்கு முன்னாடியே இந்த ஸ்டேஷன் வந்துடறதால சொர்ரெந்தோ ரயில், போஜ்ஜோமரீனோ ரயில் ரெண்டுலயும் வரலாம்.