வொர்க்மேட்டா, ஜாஹார்ஸா, மடக்கு மேசையா?

மரத்தை அறுக்கும்போது கை கீழ்நோக்கி அழுத்துகிறது. இழைப்புளி ஓட்டும்போது கிடைமட்டமாகத் தள்ளுகிறது. உளியைத் தட்டினால் ஒவ்வொரு அடியும் மரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டாண்டின் காலில் போய் இறங்குகிறது. ஆனால் தூக்கிச் செல்லக்கூடிய கிளாம்ப் ஸ்டாண்டு வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் "இத்தனை கிலோ தாங்கும்" என்ற எண்ணைத்தான். வீட்டு மரவேலையில் யாரும் 200 கிலோவை ஸ்டாண்டின் மேல் ஏற்றப்போவதில்லை. பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு ஆடும் என்பதுதான் வேலைக்குத் தேவையான தகவல். பெரும்பாலான பெட்டிகளில் அது இருக்காது.

கிடைப்பவற்றில் மூன்று ரகங்கள் முக்கியமானவை. முதல் ரகம் பிளாக் அண்ட் டெக்கரின் வொர்க்மேட்டும் அதைப் பார்த்து வந்தவையும். மேற்பலகை இரண்டு பாதியாக இருக்கும். கைப்பிடிகளைச் சுற்றினால் ஒரு பாதி நகர்ந்து மற்றதை நெருக்கும். மேசையே மரத்தைக் கவ்வும் வைஸ் ஆகிவிடுகிறது, இரண்டு பாதியும் அதன் தாடைகள். லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மனின் யோசனை இது. அலமாரி செய்யும்போது நாற்காலியை பெஞ்சாக வைத்து அறுத்தவர், நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். கம்பெனிகள் முதலில் கை விரித்துவிட, சில காலம் தானே தயாரித்து விற்றார். 1970களில்தான் பிளாக் அண்ட் டெக்கர் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது ரகம் காலால் மிதித்து இறுக்குவது. ஆஸ்திரேலியாவின் ட்ரைட்டன் கொண்டுவந்த சூப்பர்ஜாஸ், அதே பாணியில் வந்த ராக்வெல் ஜாஹார்ஸ். மூன்று கால், நடுவில் ஒரு தண்டு, அதன் நுனியில் இரண்டு தாடைகள். மேசை என்று எதுவும் கிடையாது. மூன்றாவது ரகம் மடக்கு மேசை: வொர்க்ஸ் பெகசஸ் மாதிரி பிளாஸ்டிக் தட்டும் இரண்டு பார் கிளாம்பும் (கம்பியில் நகர்ந்து இறுக்கும் பிடிகள்) கொண்டது ஒரு முனை, ஃபெஸ்டூல் எம்எஃப்டி மாதிரி துளை போட்ட மேசை மறுமுனை.

இழைப்பு வேலை அதிகம் என்றால் பெகசஸ் வகையை மறந்துவிடலாம். மொத்த எடையே 14 கிலோவுக்குள்; இழைப்புளியைத் தள்ளினால் மேசையும் கூடவே வரும். வொர்க்மேட்டும் எடையில் பெரிய ஆள் இல்லை. ஆனால் பல மாடல்களில் கீழே ஒரு மிதிப்படி உண்டு. அதில் ஒரு காலை ஊன்றினால் நம் உடம்பின் எடையும் ஸ்டாண்டோடு சேர்ந்துகொள்கிறது. அது போதாவிட்டால் ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டி, சுவரை நோக்கி இழைக்கலாம். ஜாஹார்ஸ் ஏறக்குறைய 20 கிலோ, மூன்று கால் என்பதால் மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. குறை தாடையின் அகலத்தில் இருக்கிறது. ஒரு சாண் அளவுதான் பிடிக்கும் என்பதால், ஆறடிச் சட்டத்தைப் பிடித்து இழைத்தால் இரண்டு நுனியும் துள்ளும். நீளமான சட்டங்களுக்கு வொர்க்மேட்டின் நீண்ட தாடைதான் சரி.

பிடியின் பலத்தில் மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஜாஹார்ஸ் ஒரு டன் அளவுக்கு அழுத்தும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். உண்மையில் அதில் கால்வாசிகூட மரவேலைக்குத் தேவைப்படாது. மென்மையான மரமாக இருந்தால் தாடையின் தடம் பதிந்துவிடும், இடையில் துண்டுப் பலகை வைத்தே ஆகவேண்டும். எனக்கு அதில் பிடித்தது பலம் அல்ல, கைகள் இரண்டும் சும்மா இருப்பது. கனமான சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி, அளவு பார்த்து, அப்படியே மிதித்தால் முடிந்தது. வொர்க்மேட்டில் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரண்டு கைப்பிடிகளையும் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். தனியாக வேலை செய்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் அந்த இரண்டு கைப்பிடிகள் தனித்தனியாகச் சுற்றுவதில்தான் வொர்க்மேட்டின் சாமர்த்தியமும் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று இறுக்கலாம் என்பதால், ஒரு முனையில் மெலிந்த நாற்காலிக் காலையும் நழுவாமல் பிடிக்கும். தாடையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் குழாயும் உருளைக் கட்டையும் உட்காரும். தாடை திறப்பது பெரும்பாலும் நான்கைந்து அங்குலம்தான். மேலே துளைகளில் முளைகளைச் செருகினால் அகலப் பலகையையும் படுக்க வைத்துப் பிடிக்கலாம். ஜாஹார்ஸில் தாடையைத் திருப்பிப் போட்டால் 90 சென்டிமீட்டருக்கு மேல் திறக்கும். ஒரு கதவையே படுக்க வைத்து அகலவாக்கில் பிடிக்கலாம். பூட்டுத் துளை போட இதைவிடச் சுலபமான வழி இல்லை. நீளவாக்கில் தொங்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு முட்டு கொடுங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் கவிழும். கதவின் விளிம்பை இழைப்பது வேறு கதை. எந்த ஸ்டாண்டில் நிறுத்தினாலும் உயரம் தலைக்கு வந்துவிடும். கட்டையில் பள்ளம் வெட்டி, கதவைத் தரையிலேயே அதில் நிறுத்தி, ஆப்பு அடித்துக்கொள்வதே நல்லது.

பிளைவுட் வேலைக்கு வந்தால் வரிசை அப்படியே தலைகீழாகிறது. ஜாஹார்ஸில் பிளைவுட் ஷீட்டை வைக்க இடமே இல்லை. பெகசஸ் தட்டு ஏறக்குறைய இரண்டரை அடிக்கு இரண்டடி. இரண்டை வாங்கி ஒன்றோடொன்று கோக்கவும் முடியும். மணல் தாள் தேய்க்க, பசை போட்டு ஒட்ட, ட்ரில் பண்ண இது தாராளம். எம்எஃப்டி வேறு தரம்: 96 மில்லிமீட்டர் இடைவெளியில் 20 மில்லிமீட்டர் துளைகள். அவற்றில் முளைகளைச் செருகி, ரம்பத்தை நேராக ஓட்ட உதவும் கைடு ரயிலைச் சேர்த்தால் அது அளவுகோலாகவும் வேலை செய்யும். சர்க்குலர் சா வெட்டு தொண்ணூறு டிகிரி பிசகாது. ஆனால் 28 கிலோ. அடிக்கடி தூக்கிச் செல்பவருக்கு இது தண்டனை.

பெரிய மேசை எப்போதாவது மட்டும் வேண்டுமென்றால் அதற்காகத் தனியாக வாங்க வேண்டாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டின் அடியில் ஒரு சட்டத்தைத் திருகி, அந்தச் சட்டத்தை வொர்க்மேட்டின் தாடைக்குள் இறுக்குங்கள். மேசை தயார், வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரில் சாத்தலாம். மற்ற இரண்டைவிட வொர்க்மேட் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டவெளியில், தனி ஆளாக, கனமான சட்டங்களோடு மல்லுக்கட்டுபவர் ஜாஹார்ஸ் வாங்கட்டும். பிளைவுட் அலமாரி மட்டுமே செய்பவருக்கு மடக்கு மேசை போதும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வொர்க்மேட் வடிவில் வரும் மலிவான ஸ்டாண்டுகள் எல்லாம் வொர்க்மேட் ஆகிவிடாது. கடையில் பிரித்து நிறுத்தச் சொல்லுங்கள். மேலிருந்து அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு மூலையையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தாடையின் இரு முனையிலும் ஒவ்வொரு காகிதத் துண்டைச் செருகி இறுக்கி இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தால், அந்தப் பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். அப்படியும் வந்தால் தாடை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். உயரத்தையும் பார்க்க வேண்டும்: கையைத் தொங்கவிட்டு நின்றால் பலகை மணிக்கட்டுக்கும் விரல் முட்டிக்கும் நடுவில் இருப்பது இழைப்புக்கு வசதி. ட்ரில், ரவுட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டும் மெஷின்) வேலைக்கு இன்னும் சற்று உயரம் இருக்கலாம்.

பழைய அலுமினிய வார்ப்புச் சட்டத்தோடு வந்த வொர்க்மேட் செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். மரத் தாடை ஈரத்தில் ஊதியிருந்தால் கவலை வேண்டாம், பழையதையே அச்சாக வைத்துத் துளை குறித்து, நல்ல பிளைவுட்டில் புதிதாக வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் திருகாணியின் மரை தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.