எழுப்பாத அலாரம்: ஓய்வுபெற்றவரின் படுக்கையருகே ஒரு விடியல் விளக்கு

விடியல் விளக்கு என்று விற்கப்படும் கருவி, குறித்து வைத்த நேரத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பாகவே மங்கிய செந்நிறத்தில் ஒளிரத் தொடங்கி, மெல்ல மெல்ல மஞ்சளாகி, அந்த நேரம் வரும்போது அறையை நிறைக்கும் வெளிச்சமாக வளர்ந்து நிற்கும் ஒரு சிறிய மேசை விளக்கு. அதன் பிறகு பறவையொலியோ மணியோசையோ ஒலிக்கும். வேலைக்கு ஓடுபவர்களைத் திடுக்கிட வைக்காமல் எழுப்ப வேண்டும் என்பதற்காகவே இதை உருவாக்கியிருக்கிறார்கள். ஓட வேண்டிய அலுவலகமே இல்லாதவருக்கு இது எதற்கு என்று கேட்பது நியாயம்தான். பணி ஓய்வுக்குப் பின் இதை வாங்கிப் பயன்படுத்திவரும் நான், எழுப்பும் கருவியாக இதை எடைபோடவில்லை. விழித்த பிறகும் நிம்மதியாகப் படுத்திருக்க உதவுகிறதா என்ற ஒரே அளவுகோலை வைத்தே பார்க்கிறேன். அந்த அளவுகோலில் இது பெருமளவு தேறுகிறது. தேறாத இடங்களில் எரிச்சலூட்டுகிறது.

வயதானவரின் காலைப் பொழுதில் உள்ள சிக்கல் இளைஞர்களுக்கு எளிதில் புரியாது. ஓய்வு பெற்றால் பத்து மணி வரை தூங்கலாம் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தவருக்கு, ஓய்வு பெற்றபின் நான்கரை மணிக்கே தூக்கம் கலைந்துவிடுகிறது. மூளையில் இருக்கும் உடற்கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. கண்வழியே வந்து சேரும் வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. முதுமையில் அந்தக் கடிகாரம் முந்திக்கொள்கிறது. மாலையிலேயே கண் சொக்குகிறது, விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது, ஆழ்ந்த உறக்கத்தின் பங்கும் குறைகிறது. ஆகவே எங்களுக்கு வாய்த்த காலைச் சுகம் என்பது பெரும்பாலும் நெடுநேரம் தூங்குவதல்ல. விழித்தும் எழாமல் கிடப்பது.

அப்படிக் கிடப்பவரை முதலில் அரிப்பது, இப்போது மணி என்ன என்ற கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளக் கைப்பேசியை எடுத்தால், மணியோடு சேர்த்து நாட்டு நடப்பு, உறவினர் அனுப்பிய செய்திகள், மின்கட்டண நினைவூட்டல் எல்லாம் போர்வைக்குள் நுழைந்துவிடும். அதன்பின் படுத்திருப்பதில் பொருளில்லை. விடியல் விளக்கு இந்தக் கேள்விக்கு எண்ணே இல்லாமல் விடை சொல்கிறது. அறை இருட்டாக இருந்தால் இன்னும் இரவு, சுவரில் செம்மை படர்ந்திருந்தால் நேரம் நெருங்குகிறது, மஞ்சளாகிவிட்டால் பொழுது வந்துவிட்டது. தலையைத் திருப்பவும் வேண்டாம், மூக்குக்கண்ணாடியைத் தேடவும் வேண்டாம். என் மதிப்பீட்டில் இக்கருவியின் தலையாய சிறப்பு இதுவே. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

வெளிச்சத்தின் அளவைப் பற்றி மிகையான எதிர்பார்ப்பு வேண்டாம். இவ்வகை விளக்குகளில் பல, முகத்திலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் வைத்தால் 200 முதல் 300 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு) வரை ஒளி தருகின்றன. குளிர்கால மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒளிப்பெட்டியோ 10,000 லக்ஸ் அளவினது. இரண்டையும் ஒன்றாகக் கருதி வாங்குபவர் ஏமாந்து போவார். மூடிய இமைகள் ஒளியில் மிகச் சிறு பகுதியையே உள்ளே விடுகின்றன, அதுவும் பெரும்பாலும் செந்நிற ஒளியை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாள்களில் இந்த விளக்கு என்னை எழுப்புவதே இல்லை. அலுவலகம் செல்பவருக்கு இது மன்னிக்க முடியாத குறை. எனக்கோ, தூக்கம் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் தொந்தரவு செய்யாத நாகரிகம்.

எழ வேண்டிய கட்டாயமே இல்லாதவர் விளக்கில் எந்த நேரத்தைக் குறித்து வைப்பது? யோசித்துப் பார்த்து, பணியில் இருந்த காலத்தில் கட்டிலைவிட்டுக் கால் ஊன்றிய அதே நேரத்தைக் குறித்து, ஒலியை மட்டும் முற்றிலும் அணைத்து வைத்தேன். காரணம் இதுதான்: அலாரமே இல்லாத காலையில் படுத்திருப்பது வெறும் படுத்திருத்தல், எழ வேண்டிய நேரம் கண்முன்னே வந்து நின்று, அதைப் பொருட்படுத்தாமல் மறுபக்கம் புரண்டு படுக்கும்போதுதான் அது சுகமாகிறது. வெளிச்சம் உச்சத்துக்கு வரும் அந்த நேரத்தில், அடுத்த வீட்டில் வண்டி கிளம்பும் ஓசையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையை யாரோ அவசரப்படுத்தும் குரலும் கேட்கும். அவற்றில் ஒன்றும் எனக்கானதல்ல என்று அறிந்து போர்வையை இழுத்துக்கொள்வதில் ஒரு சின்னத்தனமான மகிழ்ச்சி இருப்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு நினைவுகள் தாமாகவே ஓடுகின்றன. பாதிக் கனவும் பாதி யோசனையுமாக, எதையும் முடிவு செய்யாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. சில நாள் மீண்டும் ஒரு கோழித்தூக்கம் வாய்க்கிறது.

இந்த இடத்தில், அலாரத்தைச் சிறிது நேரம் தள்ளிப்போடும் ‘ஸ்னூஸ்’ பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1956இல் ஜெனரல் எலெக்ட்ரிக் டெலிகிரான் நிறுவனம் அதைக் கடிகாரத்தில் அறிமுகப்படுத்தியது. பின்னர் 9 நிமிடம் என்ற இடைவெளி வழக்கமாகி, இன்றைய கைப்பேசிகள் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. என் விளக்கிலும் தலையில் தட்டினால் அதே 9 நிமிடம்தான். அது நேரத்தைத் திருடித் தூங்க வேண்டியவர்களுக்காக அளந்து வைத்த அளவு. நேரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போடும் பொத்தான் ஒன்றை இதுவரை யாரும் வைக்கக் காணோம்.

இனி எரிச்சல்கள். மணி காட்டும் எண்கள், ஒளியை ஆகக் குறைத்த நிலையிலும் இரவில் கண்ணைக் குத்துகின்றன. கைக்குட்டையைப் போட்டு மூடித்தான் தூங்க வேண்டியிருக்கிறது. அமைப்புப் பொத்தான்கள் பின்புறத்தில், ஒன்றுபோல் ஒன்றாக, இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க இயலாதபடி இருக்கின்றன. மின்சாரம் போய்வந்தால் நேரத்தை மறுபடியும் முதலிலிருந்து வைக்க வேண்டும். பறவையொலி ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது. எந்தப் பறவையும் அவ்வளவு ஒழுங்காகக் கூவுவதில்லை. அறையைப் பகிர்ந்துகொள்பவருக்கும் சேர்த்தே விடிகிறது என்பது இன்னொன்று. கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்று என் மனைவிக்குத் தேவைப்பட்டது.

எதிர்பாராமல் கிடைத்த நன்மையும் உண்டு. ஆகக் குறைந்த செவ்வொளியில் இரவு முழுவதும் விட்டுவைத்தால், நள்ளிரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாறாமல் போய்வர முடிகிறது; நீலம் கலந்த வெள்ளை விளக்கைப் போல அது தூக்கத்தை அவ்வளவாக விரட்டுவதுமில்லை. காலையிலும், படுத்த நிலையிலிருந்து சட்டென எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றும் வயதில், கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுவதற்கு அறையில் ஏற்கெனவே வெளிச்சம் இருப்பது பெரிய உதவி.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கமின்மையால் அவதிப்படுபவர்கள் விழித்தபடி நெடுநேரம் படுக்கையில் கிடக்கக் கூடாது என்பதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பதும் மருத்துவர்கள் தரும் அறிவுரை. நான் இதுவரை புகழ்ந்த சுகம் அவர்களுக்கு ஏற்றதல்ல. கண்புரை முற்றியவர்களுக்கு இந்த மங்கிய ஒளி போதாமல் போகலாம். காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர் ஒலியை அணைத்துவிட்டு இதை நம்பி உறங்கக் கூடாது. மற்றபடி, விடியுமுன் விழித்துக்கொண்டு மணியைத் தேடும் வழக்கமுள்ள ஓய்வுபெற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்குவதற்கு முன், எண்திரையை முழுவதுமாக அணைக்க முடிகிறதா என்பதையும், மின்தடைக்குப் பின் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள உள்ளே பேட்டரி இருக்கிறதா என்பதையும் கடைக்காரரிடம் இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.