அச்சிடுவதா, விடுவதா? நபிகள் கேலிச்சித்திர விவகாரத்தில் நாளிதழ்கள் போன வழிகள்

2005 அக்டோபர் 17, ரமலான் மாதம். கெய்ரோவிலிருந்து வரும் அல் ஃபகர் என்ற பத்திரிகை, டென்மார்க்கின் யூலன்ஸ்-போஸ்டென் நாளிதழில் வந்த முகம்மது நபி கேலிச்சித்திரங்களில் சிலவற்றை எடுத்துப் போட்டது. கண்டிப்பதற்காகத்தான் போட்டது. நோன்பு மாதத்தில், ஒரு முஸ்லிம் நாட்டின் தலைநகரில், அந்தப் படங்கள் கடைகளில் தொங்கின. பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை. மூன்றரை மாதம் கழித்து அதே படங்களுக்காக டமாஸ்கஸில் டென்மார்க், நார்வே தூதரகங்கள் எரிந்தன. மறுநாள் பெய்ரூட்டில் டேனிஷ் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது? முஸ்லிம் நாடுகளின் தூதர்களும் பிரதிநிதிகளுமாக 11 பேர் டேனிஷ் பிரதமரைச் சந்திக்கக் கேட்டார்கள், அவர் மறுத்தார். டென்மார்க்கில் இருந்த இமாம்கள் சிலர் படங்களைத் தொகுத்துக் கட்டாக எடுத்துக்கொண்டு மத்திய கிழக்குக்குப் போனார்கள். 2006 ஜனவரி இறுதியில் சவூதி அரேபியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. டேனிஷ் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வளைகுடாக் கடைகளின் அலமாரிகளிலிருந்து இறங்கின. அப்போதுதான் உலகம் முழுக்க ஆசிரியர்களின் மேசையில் அந்தக் கேள்வி வந்து விழுந்தது: செய்தியைப் போட்டுத்தான் ஆக வேண்டும், படத்தை என்ன செய்வது?

ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு பக்கம் போனது. யார் செய்தது சரி என்று ஒப்பிடும்போது நான் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறேன். படம் இல்லாமல் வாசகருக்குச் செய்தி புரியுமா? நாளிதழ் வெளியே சொன்ன காரணம்தான் உள்ளே இருந்த காரணமுமா? முடிவுக்கு விலை கொடுத்தது யார்?

முதலில் போட்டவரைத் தனியாக வைத்துவிடலாம். யூலன்ஸ்-போஸ்டென் 2005 செப்டம்பர் 30 அன்று 12 படங்களை அச்சிட்டபோது அங்கே செய்தி என்று ஒன்று இல்லை. நாளிதழ்தான் அதை உண்டாக்கியது. நபிகளின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு டேனிஷ் எழுத்தாளருக்குப் படம் வரைய ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு கிளம்பியது. பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை செய்துகொள்கிறார்களா என்று சோதிக்க, கலாச்சாரப் பகுதியின் ஆசிரியர் ஃபிளெமிங் ரோஸ் ஓவியர்களை வரைந்து அனுப்பச் சொன்னார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே நாளிதழ் 2003-இல் இயேசுவின் உயிர்த்தெழுதலைக் கேலி செய்த சில படங்களை, வாசகர்கள் கொதித்துவிடுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தது. 2006-இல் ஈரானிய நாளிதழ் ஒன்று யூத இன அழிப்பைப் பற்றிக் கேலிச்சித்திரப் போட்டி அறிவித்தபோது, அவற்றையும் அச்சிடுவோம் என்கிற ரீதியில் ரோஸ் தொலைக்காட்சியில் பேசினார். தலைமை ஆசிரியர் முடியாது என்றார். ரோஸ் விடுப்பில் போனார். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தும் துணிச்சல் என்று அந்த நாளிதழ் சொல்லிக்கொண்டது எனக்கு இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

பன்னிரண்டையும் போட்டவர்கள்

2006 பிப்ரவரி 1 அன்று பாரிஸின் ஃபிரான்ஸ் சுவார் படங்களை மறுபதிப்பு செய்து, கடவுளைக் கேலி செய்ய எங்களுக்கு உரிமை உண்டு என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. அன்றே எகிப்தியப் பின்னணி கொண்ட அதன் முதலாளி நிர்வாக ஆசிரியரை வேலையை விட்டு நீக்கினார். ஜெர்மனியின் டீ வெல்ட்டும் அதே நாளில் களத்தில் இறங்கியது. ஒரு வாரம் கழித்து பிரான்சின் நையாண்டி வார இதழான சார்லி ஹெப்டோ பன்னிரண்டையும் போட்டதோடு, தன் பங்குக்கு ஒரு அட்டைப்படத்தையும் சேர்த்தது.

இவர்கள் சொன்ன காரணம் தோழமை: ஒருவரை மிரட்டினால் எல்லோரும் சேர்ந்து போடுவோம், அப்போது யாரைத் தனியாக அடிப்பார்கள்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் சேரவில்லை. சேராததால், போட்டவர்கள்தான் இன்னும் தனியாகத் தெரிந்தார்கள். அப்புறம், தோழமைக்காகப் போடும்போது படம் செய்தியாக நிற்காமல் கொடியாக மாறிவிடுகிறது. தெருவில் பழம் விற்கும் ஒரு முஸ்லிமுக்கு அந்தக் கொடி யாருக்கு எதிராகப் பறக்கிறது என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சார்லி ஹெப்டோவுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாரிஸ் பெரிய மசூதி உள்ளிட்ட அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2007 மார்ச்சில் அது விடுவிக்கப்பட்டது. தலைப்பாகைக்குள் வெடிகுண்டு இருப்பதாக கர்ட் வெஸ்டர்கார்ட் வரைந்த படம் தனியாகப் பார்த்தால் புண்படுத்தக்கூடியதுதான், ஆனால் அது வெளியான சூழலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். சூழலைச் சேர்த்துப் பார்க்க நீதிபதிக்கு நேரம் இருக்கிறது. டீக்கடையில் முதல் பக்கத்தைப் பார்ப்பவருக்கு இல்லை.

சொல்லால் மட்டும் சொன்னவர்கள்

பிரிட்டனின் தேசிய நாளிதழ்கள் ஒன்றுகூட அந்தப் படங்களை அச்சிடவில்லை. அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களும் பெரும்பாலும் அப்படியே. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் சொன்ன காரணத்தின் சாரம் இது: மதச் சின்னங்களைத் தேவையில்லாமல் தாக்குவது எங்கள் வழக்கமில்லை, அதிலும் இவை சொற்களால் எளிதாக விவரிக்கக்கூடிய படங்கள்.

முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில்தான் சிக்கல். விவரித்தார்களா? பெரும்பாலும் வெடிகுண்டுத் தலைப்பாகையை மட்டும் விவரித்தார்கள். கேட்டவர்கள் பன்னிரண்டும் அதே மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் ஒரு படத்தில் இருப்பது நபிகள் இல்லை; முகம்மது என்ற பெயருள்ள பள்ளிச் சிறுவன். கரும்பலகையில் பாரசீகத்தில் எழுதிக்காட்டுகிறான். யூலன்ஸ்-போஸ்டென் ஆசிரியர் குழு பிற்போக்கான வம்பர்கள் கூட்டம் என்பது அவன் எழுதும் வாசகம். அதாவது வரையச் சொன்னவர்களையே ஓவியர் வாரிவிட்டார். இன்னொன்றில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வியர்த்தபடி வரைகிற ஓவியரே பாத்திரம். இதெல்லாம் ‘புண்படுத்தும் கேலிச்சித்திரங்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் காணாமல் போனது.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. இமாம்கள் எடுத்துப்போன கட்டில், நாளிதழ் அச்சிடவே அச்சிடாத மூன்று படங்கள் கூடுதலாக இருந்தன. அவற்றில் ஒன்று, பன்றி மூக்கு மாட்டிய ஒரு மனிதரின் மங்கலான புகைப்படம். அது நபிகளைக் கேலி செய்யும் படமாகக் காட்டப்பட்டது. பிரான்சின் கிராமத் திருவிழா ஒன்றில் பன்றி போலக் கத்தும் போட்டியில் கலந்துகொண்டவரை ஒரு செய்தி நிறுவனம் எடுத்த படம் அது! அசல் எது என்று பெரும்பாலானவர்கள் பார்க்காதபோது போலி எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது. மரியாதைக்காக மறைத்தது, கடைசியில் அந்த மரியாதைக்கே உதவவில்லை.

இதில் நியூயார்க் டைம்ஸ் தானே தடுக்கி விழுந்த இடமும் உண்டு. அந்தத் தலையங்கம் வந்த மறுநாள், படங்களின் சக்தியைப் பற்றிய கலை விமர்சனம் ஒன்று அதில் வெளியானது. அதனுடன் போட்ட படம், கிறிஸ் ஒஃபிலி யானைச் சாணத்தைப் பயன்படுத்தி உருவாக்கிய கன்னி மரியாள். 1999-இல் நியூயார்க்கில் கத்தோலிக்கர்கள் கொதித்த அதே ஓவியம். அப்படியானால் வழக்கமில்லை என்று சொன்னது எந்த வழக்கம்?

யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2009-இல் இந்த விவகாரத்தைப் பற்றியே அது வெளியிட்ட ஆய்வு நூலில், எதைப் பற்றிய ஆய்வோ அந்தப் படங்கள் இல்லை.

ஒன்றை மட்டும், காரணத்தோடு

2006 பிப்ரவரி 4 அன்று ஃபிலடெல்ஃபியா இன்குவயரர் வெஸ்டர்கார்டின் படத்தை மட்டும் போட்டது. யாருடைய நம்பிக்கையையும் அவமதிக்க எண்ணமில்லை, ஆனால் ஒரு படம் இவ்வளவு பெரிய செய்தியாகிவிட்ட பிறகு அது என்ன என்று வாசகர் தாமே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற பொருளில் பக்கத்திலேயே ஒரு குறிப்பு. சில நாளில் அலுவலகத்துக்கு வெளியே முஸ்லிம்கள் கூடிப் போராடினார்கள். ஆசிரியர் அமாண்டா பென்னட் அவர்களிடம் பேசினார்; நீங்கள் உங்கள் பேச்சுரிமையைப் பயன்படுத்துவதைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன் என்று சொன்னார். சரி, அது கொஞ்சம் சாமர்த்தியமான பேச்சுதான். இருந்தாலும் அந்த ஊரில் படம் வந்தது, எதிர்ப்பு வந்தது, யாருக்கும் அடி விழவில்லை.

என் ஓட்டு இந்த வழிக்குத்தான். செய்திக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ஏன் போடுகிறோம் என்று அங்கேயே இரண்டு வரி. 2015-இல் சார்லி ஹெப்டோ அலுவலகத்தின் மீது நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டு, ஒரு வாரத்தில் நபிகளை அட்டையில் வரைந்து அடுத்த இதழ் வந்தபோது லண்டனின் கார்டியன் அந்த அட்டையை உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டதும் ஏறக்குறைய இதே வகை. அப்போதும் நியூயார்க் டைம்ஸ் போடவில்லை. வாசகர்களின் தரப்பைப் பேசுவதற்காக அந்த நாளிதழே நியமித்திருந்த மார்கரெட் சல்லிவன், போட்டிருக்க வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதினார்.

டென்மார்க்கின் பொலிட்டிக்கன் நாளிதழின் பாதை வேடிக்கையானது. 2005-இல் அது யூலன்ஸ்-போஸ்டெனைக் கடுமையாக விமர்சித்தது. 2008 பிப்ரவரியில் வெஸ்டர்கார்டைக் கொல்லச் சதி என்று சிலர் கைதானதும், மற்ற டேனிஷ் நாளிதழ்களோடு சேர்ந்து அந்தப் படத்தை அச்சிட்டது. 2010-இல், புண்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவித்து ஒப்பந்தமும் செய்துகொண்டது. டேனிஷ் பத்திரிகையாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. படம் மோசம், கொலைச் சதி செய்தி, செய்திக்காகப் போட்டாலும் சிலருக்கு வலித்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

சட்டம் குறுக்கே நிற்கும் ஊர்களில்

மேலே சொன்ன தேர்வெல்லாம், போட்டால் போலீஸ் வராது என்ற ஊர்களுக்கு. மற்ற இடங்களில் கணக்கே வேறு.

ஜோர்டானில் ஷிஹான் வார இதழின் ஆசிரியர் ஜிஹாத் மொமானி மூன்று படங்களைப் போட்டு, முஸ்லிம்களை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்: இஸ்லாத்துக்கு அதிகக் கெட்ட பெயர் தருவது இந்தப் படங்களா, பிணைக்கைதியின் கழுத்தைக் காமெராவுக்கு முன்னால் அறுப்பவனா, அம்மானில் கல்யாண வீட்டில் வெடித்துச் சிதறியவனா? அம்மான் ஓட்டல் குண்டுவெடிப்பு நடந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த விவகாரத்தில் நான் படித்த கேள்விகளிலேயே நேரான கேள்வி இது. வேலை போனது, கைதும் ஆனார்.

மலேசியாவின் சரவாக் டிரிபியூனுக்கு நடந்ததை எழுதினால் கதை என்பார்கள். இந்தக் கார்ட்டூனால் இங்கே பெரிய பாதிப்பு இல்லை என்ற செய்திக்கு அது அந்தக் கார்ட்டூனையே படமாக வைத்தது. சில நாளில் அரசு நாளிதழின் உரிமத்தை நிறுத்திவைத்தது.

துருக்கியின் ஜும்ஹூரியத் 2015-இல் சார்லி ஹெப்டோவிலிருந்து நான்கு பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டது. நபிகளின் அட்டைப்படத்தைக் கவனமாகத் தவிர்த்தது. அப்படியும் அதன் அச்சகத்திலிருந்து கிளம்பிய வண்டிகளைப் போலீஸ் நிறுத்திப் பார்த்தது. தங்கள் பத்திகளில் அந்த அட்டையைச் சிறிதாக வைத்த இரண்டு பத்தியாளர்களுக்கு மறு ஆண்டு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. மும்பையில் அவத்நாமா என்ற உருது நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் ஷிரீன் தல்வி. 2015 ஜனவரியில் செய்தியோடு சார்லி ஹெப்டோ அட்டையை வெளியிட்டார். மறுநாளே மன்னிப்பும் அச்சிட்டார். பயனில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட காவல் நிலையங்களில் புகார், கைது, பிறகு ஜாமீன். நாளிதழின் மும்பைப் பதிப்பு மூடப்பட்டது. அவர் மேல் பாய்ந்தது அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. நபிகளைப் பற்றி லாகூரில் வெளியான ஒரு துண்டுநூலால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 1927-இல் பிரிட்டிஷ் அரசு சேர்த்த பிரிவு அது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினால்தான் குற்றம் என்றது அதன் வாசகம். 1957-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றபோது அழுத்திச் சொன்னதும் அதைத்தான். ஆனால் நோக்கம் என்ன என்பது வழக்கின் முடிவில்தான் தெரியும். கைது வழக்கின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. தானும் ஒரு முஸ்லிமாக, முஸ்லிம் வாசகர்களுக்காகவே நாளிதழ் நடத்தியவருக்கு இந்தக் கதி.

ஆகவே, ஒன்றை மட்டும் காரணத்தோடு போடுவதே மேல் என்று நான் சொல்வது இந்திய ஆசிரியர் ஒருவருக்குப் பொருந்தாது. அவர் சொல்லால் மட்டும் சொல்லட்டும். ஆனால் பன்னிரண்டையும் பிரித்து விவரிக்கட்டும், போலி எது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.  படம் ஏன் இல்லை என்பதற்கு ‘வாசகர் உணர்வை மதித்து’ என்று பூசி மெழுகாமல், வழக்கு வரும் என்பதையும் சொன்னால் நல்லது.

அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2006-இல் பாஸ்டன் ஃபீனிக்ஸ் என்ற வார இதழ், படங்களைப் போடாததற்கு முதல் காரணம் பழிவாங்கப்படுவோம் என்ற பயம் என்று வெளிப்படையாக எழுதியது. மரியாதை, ரசனை, பொறுப்பு என்று மற்றவர்கள் ஆளுக்கொரு போர்வை தேடிக்கொண்டிருந்த வாரம் அது.

இன்னொன்று, யூலன்ஸ்-போஸ்டெனே. இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் அலுவலகத்தைக் குறிவைத்த சதிகள் அம்பலமாயின. 2010-இன் முதல் நாள், கோடாரியோடு ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தபோது வெஸ்டர்கார்ட் பாதுகாப்பு அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டு தப்பினார். 2015 ஜனவரியில் பாரிஸ் படுகொலைக்கு மறுநாள்களில் மற்ற டேனிஷ் நாளிதழ்கள் சார்லி ஹெப்டோ படங்களைப் போட்டபோது, எல்லாவற்றையும் தொடங்கிவைத்த இந்த நாளிதழ் மட்டும் போடவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தாக்குதல் பயத்தோடு வாழ்கிறோம், அதனால்தான் போடவில்லை என்று தலையங்கத்தில் எழுதியது. வன்முறை பலிக்கிறது என்பதையும் அதே தலையங்கத்தில் ஒப்புக்கொண்டது.